பொருள் வேறு, கரு வேறு: பினாங்குத் தமிழர் கதைகளும் ஆவணப்பட உருவாக்கமும்

ஒரு சமூகத்தின் வாழ்வைப் படமாக்க விரும்புவோரில் பலர், ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தவுடனேயே படத்துக்கான கரு கிடைத்துவிட்டதாகக் கருதிவிடுகின்றனர். ஆவணப்படம் என்பது, நடிகர்களையும் புனைகதையையும் நாடாமல், உண்மை மனிதர், உண்மை இடங்கள், ஏடுகள், ஒளிப்படங்கள், நேர்காணல்கள் ஆகியவற்றைக் கொண்டு உலகைப் பற்றிய ஒரு பார்வையை முன்வைக்கும் திரைப்படமாகும். அதில் பொருள் என்பது எடுத்துக்கொண்ட நிலப்பரப்பு. கரு என்பதோ அந்தப் பரப்பினுள் எழுந்து, விடை முன்னதாகத் தெரியாமல் நிற்கும் ஒரு வினா. அவ்வினாவோடு தம் வாழ்வு பிணைந்திருக்கும் மனிதர் சிலரும், அவர்கள் சொல்வதற்குத் துணை நிற்கவோ அதை மறுக்கவோ வல்ல சான்றுகளும், படம் எடுக்கப்படும் காலத்திலேயே நிகழ்ந்துகொண்டிருக்கும் ஏதேனும் ஒரு மாற்றமும் அவ்வினாவைச் சுற்றி ஒன்றுகூடும்போதுதான் ஒரு பொருள் படக்கருவாக மாறுகிறது.

இந்த வேறுபாட்டை விளக்கப் பினாங்கு தகுந்த இடம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் 1786இல் இத்தீவைக் கைக்கொண்ட காலந்தொட்டே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகரும், கப்பல் தொழிலாளரும், பின்னர் செட்டியார்களும், தோட்டங்களுக்கும் துறைமுகத்துக்கும் வந்த உழைப்பாளிகளும் ஜார்ஜ்டவுனின் உருவாக்கத்தில் பங்கு கொண்டனர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சூலியா வீதி முனையிலுள்ள நாகூர் தர்கா, குயின் வீதி மகா மாரியம்மன் ஆலயம், தண்ணீர்மலை முருகன் கோயில் ஆகியவை அந்த வரலாற்றின் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற பின், இந்த அடையாளங்கள் சுற்றுலாக் காணொளிகளில் இடைவிடாது தோன்றுகின்றன. தைப்பூசக் காவடியும் நாசி கண்டாரும் லிட்டில் இந்தியாவின் பூக்கடைகளும் பலமுறை படமாக்கப்பட்டுள்ளன. ஆயினும் அவற்றுக்குப் பின்னால் வாழ்ந்தோரின் வாய்மொழியில் அமைந்த படங்கள் மிகச் சிலவே. பிறர் எழுதிய ஏடுகளிலும் பிறர் எடுத்த படங்களிலும் மட்டுமே நெடுங்காலம் இடம்பெற்ற ஒரு சமூகம் தன் கதையைத் தானே சொல்ல முனையும்போது எதிர்கொள்ளும் சிக்கல் இது. இச்சிக்கலை மிக நீண்ட காலம் சிந்தித்து, அதற்கென முறைகளையும் வகுத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவின் கறுப்பினத் திரைப்படக் கலைஞர்கள்.

ஆப்பிரிக்க அமெரிக்கரின் முன்மாதிரி

அட்லாண்டிக் கடலைக் கடந்து அடிமைகளாக விற்கப்பட்டோரின் வரலாறும், ஒப்பந்தத்தின் பேரிலோ கங்காணி முறையிலோ மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழரின் வரலாறும் ஒன்றல்ல. முன்னது மனிதரையே உடைமையாக்கிய சட்டத்தின் மேல் நின்றது, பின்னது கடனையும் கூலியையும் கொண்டு மனிதரைப் பிணித்தது. ஆயினும் இரு சமூகங்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி அவர்களை வேலை வாங்கியோரின் கணக்கேடுகளாகவும் அரசுக் கோப்புகளாகவும் இருப்பது பொதுவான நிலை. இதை ஈடுசெய்யும் முயற்சியாக, அமெரிக்கக் கூட்டரசின் எழுத்தாளர் திட்டம் 1936 முதல் 1938 வரை, அடிமை நிலையில் பிறந்து அப்போது முதுமையில் இருந்தோரைத் தேடிச்சென்று 2,300க்கும் மேற்பட்ட வாய்மொழி வரலாறுகளைப் பதிவுசெய்தது. கேள்வி கேட்டவர்களில் பலர் வெள்ளையர் என்பதால் பதில் சொன்னோர் அச்சத்தோடும் தயக்கத்தோடும் பேசியிருக்கக்கூடும் என்று பிற்கால ஆய்வாளர் எச்சரித்தபோதிலும், அத்தொகுப்பு இல்லாதிருந்தால் பிற்காலப் படங்களும் நூல்களும் பலவற்றை இழந்திருக்கும்.

கேள்வி கேட்பவர் யார் என்னும் அந்தச் சிக்கல் 1968இல் வெளிப்படையான விவாதமாயிற்று. நகரக் கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம், அமெரிக்கச் செய்தி ஊடகங்கள் கறுப்பினத்தவரின் வாழ்வை வெள்ளையரின் கண் கொண்டே பார்க்கின்றன என்று அவ்வாண்டு அறிக்கையிட்டது. அதே ஆண்டில் பொதுத் தொலைக்காட்சியில் 'பிளாக் ஜர்னல்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. அதன் கறுப்பினப் பணியாளர், படத்தில் தோன்றுவோர் மட்டுமன்றி என்ன காட்டுவது என்று முடிவெடுப்போரும் தம் சமூகத்தவராக இருக்கவேண்டும் என்று போராடியதன் விளைவாக, வில்லியம் கிரீவ்ஸ் அதன் பொறுப்பை ஏற்றார். திரையில் முகம் தோன்றுவதும், அந்த முகத்தைப் பற்றிய கருத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் வெவ்வேறானவை என்பதே அப்போராட்டத்தின் சாரம்.

அதே 1968இல் பாஸ்டன் நகரில் ஹென்றி ஹாம்ப்டன் தொடங்கிய 'பிளாக்சைட்' நிறுவனம், குடிசார் உரிமை இயக்கத்தின் வரலாற்றைச் சொல்லும் 'ஐஸ் ஆன் த பிரைஸ்' என்ற தொடரை உருவாக்கியது. 1987இல் ஆறு பகுதிகளும் 1990இல் எட்டுப் பகுதிகளுமாக வெளிவந்த அத்தொடரில், நிகழ்ச்சிகளைப் பற்றி நூல் எழுதிய பேராசிரியர்களை விடுத்து, அந்நிகழ்ச்சிகளில் நேரில் பங்கெடுத்தோரை மட்டுமே பேசவைப்பது என்ற விதி கடைப்பிடிக்கப்பட்டது. பேருந்தில் ஏறியவரும், பேரணியில் அடிபட்டவரும், எதிர்த்தரப்பில் நின்ற அதிகாரியும் தத்தம் சொற்களிலேயே பேசியதால், வரலாறு அங்கு முடிந்துபோன பாடமாகத் தோன்றாமல், ஒவ்வொருவரும் அந்தக் கணத்தில் எடுத்த முடிவுகளின் தொடராகத் தோன்றியது. அத்தொடரின் பிற்கால வரலாறு தரும் பாடம் வேறு: அதில் பயன்படுத்தப்பட்ட பழைய செய்திப்படங்கள், ஒளிப்படங்கள், பாடல்கள் ஆகியவற்றுக்கான உரிமங்கள் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே பெறப்பட்டிருந்ததால், அவை காலாவதியானபின் பல ஆண்டுகள் அதை ஒளிபரப்ப இயலாமற்போயிற்று, புதிதாக நிதி திரட்டி உரிமங்களைப் புதுப்பித்த பின்னரே 2006இல் அது மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தது.

பெரும் இயக்கத்தின் வரலாற்றைப் பதினான்கு பகுதிகளில் சொல்வது ஒரு வழியென்றால், ஒரே நிகழ்வுக்குள் நுழைந்து அதனூடே முழு வரலாற்றையும் காட்டுவது மற்றொரு வழி. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் 1963 செப்டம்பர் 15ஆம் நாள் தேவாலயம் ஒன்றில் வெடித்த குண்டு நான்கு சிறுமியரைக் கொன்றது. ஸ்பைக் லீ 1997இல் இயக்கிய 'ஃபோர் லிட்டில் கேர்ள்ஸ்' அச்சிறுமியரின் பெற்றோர், உடன்பிறந்தார், தோழியர் ஆகியோரின் நினைவுகளைக் கொண்டு அந்த நான்கு பிள்ளைகள் யார் என்பதை முதலில் நிலைநாட்டியபின்னரே குண்டுவெடிப்பின் அரசியலுக்குச் செல்கிறது. சிகாகோவின் இரு கறுப்பினச் சிறுவரின் கூடைப்பந்துக் கனவைப் பின்தொடர்ந்த 'ஹூப் டிரீம்ஸ்' முப்பது நிமிடக் குறும்படமாகத் திட்டமிடப்பட்டு, ஐந்தாண்டுக்கும் மேலாக அக்குடும்பங்களோடு நீண்டு, ஏறத்தாழ மூன்று மணி நேரப் படமாக 1994இல் வெளிவந்தது. அதன் இயக்குநர் ஸ்டீவ் ஜேம்ஸ் கறுப்பினத்தவர் அல்லர். வெளியாரும் ஒரு சமூகத்தின் கதையைச் சொல்லலாம் என்பதையும், அதற்குச் செலுத்தவேண்டிய விலை அக்குடும்பங்களோடு கழிக்கும் காலமே என்பதையும் அப்படம் ஒருங்கே காட்டுகிறது.

இங்குக் குறிப்பிடவேண்டிய மற்றொரு படம் 2022இல் மார்கரெட் பிரவுன் இயக்கிய 'டிசென்டன்ட்'. அடிமைகளை இறக்குமதி செய்வது சட்டப்படி தடைசெய்யப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்தபின், 1860இல் 'குளோட்டில்டா' என்னும் கப்பல் ஆப்பிரிக்கரை மறைவாக ஏற்றிக்கொண்டு அலபாமாவின் மொபீல் நகருக்கு வந்தது. குற்றத்தை மறைக்கும்பொருட்டு அக்கப்பல் எரித்து மூழ்கடிக்கப்பட்டது. அதில் வந்தோர் விடுதலைக்குப் பின் அமைத்துக்கொண்ட ஊரான ஆப்பிரிக்காடவுனில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். 2019இல் கப்பலின் சிதைவு அடையாளம் காணப்பட்டபோது, இனி இந்தக் கதையும் இந்த நிலமும் யாருக்குச் சொந்தம் என்னும் வினா எழுந்தது. படம் அந்த வினாவைப் பின்தொடர்கிறது. கடந்த காலத்துக் குற்றம் இதன் பொருள். இன்றைய ஊரார் அதைக் கொண்டு என்ன செய்யப்போகிறார்கள் என்பதே இதன் கரு.

தமிழ் மரபிலுள்ள முன்னோடி

ஆவணப்படக் கருவை வளர்த்தெடுக்கும் கலை தமிழருக்குப் புதிதன்று. செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்து, பர்மாவில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராகப் பணியாற்றி, டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்ற ஏ.கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய முழுநீள ஆவணப்படத்தை 1940இல் தமிழில் வெளியிட்டார். நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில் 1937 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியின் பிறந்தநாளன்று, அந்த எண்ணம் அவருக்குத் தோன்றியது. அவர் செய்ததில் பெரும்பகுதி புதிதாகப் படம் பிடிப்பதன்று. உலகின் பல மூலைகளில் பலர் பல காலங்களில் எடுத்துவைத்திருந்த படச்சுருள்களைத் தேடி, ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல் பயணம் செய்து, சுமார் 50,000 அடி நீளச் சுருளைத் திரட்டி, அதிலிருந்து ஒரு படத்தைச் செதுக்கியதேயாகும். கருவின் வலிமை எண்ணம் தோன்றிய நாளில் முடிவாவதில்லை என்பதையும், அதைத் தொடரும் தேடலே அதை உறுதிப்படுத்துகிறது என்பதையும் அவர் பணி காட்டுகிறது.

மலேசியத் தமிழரிடையிலும் அத்தகைய தேடல் நிகழ்ந்துள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய இராணுவம் 1942–43இல் அமைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதை 'மரண இரயில்' எனப்படுகிறது. அங்கு வேலை செய்த 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளின் துன்பம், 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' என்னும் திரைப்படத்தின் வழி உலகெங்கும் பரவியது. ஆனால் அவர்களைவிடப் பெருந்தொகையில் அங்கு மாண்ட ஆசியத் தொழிலாளரும், அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழரும் அந்தப் பொது நினைவில் இடம்பெறவில்லை. குறிஞ்சி வேந்தன் இயக்கத்தில் 2014இல் வெளிவந்த தமிழ் ஆவணப்படம், உயிர் பிழைத்து முதுமையடைந்தோரின் சொற்களில் அக்கதையைப் பதிவுசெய்தது. நிகழ்வுக்கும் பதிவுக்கும் இடையில் எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் நேரில் கண்டோரின் குரல் பதிவாகியிருக்காது.

மூன்று கதைகள், மூன்று வகைச் சான்றுகள்

பினாங்கில் எடுக்கப்படக்கூடிய கதைகளை அவற்றின் பெருமையைக் கொண்டு வரிசைப்படுத்துவதைவிட, அவை எவ்வகைச் சான்றுகளின் மேல் நிற்கின்றன என்பதைக் கொண்டு வரிசைப்படுத்துவது படைப்பாளருக்குப் பயன் தரும். ஏட்டில் மட்டும் வாழும் கதை, இன்று கண்முன் நடக்கும் கதை, மனித நினைவில் வாழும் கதை என்று அவற்றை மூன்றாகப் பகுக்கலாம்.

ஏட்டில் வாழும் கதைக்குச் சிவகங்கைச் சீமையிலிருந்து நாடு கடத்தப்பட்டோர் தகுந்த எடுத்துக்காட்டு. கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த மருது சகோதரர் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டபின், சின்ன மருதுவின் மகனான இளைஞன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டு, அக்காலத்தில் வேல்ஸ் இளவரசர் தீவு என்று வழங்கிய பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். மருது சகோதரரோடு பழகி, பின்னர் அவர்களை எதிர்த்துப் போரிட்ட கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1818இல் பினாங்கில் துரைசாமியைச் சந்தித்ததையும், உருத்தெரியாமல் மாறிப்போயிருந்த அவரைக் கண்டு தாம் வருந்தியதையும் 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். இந்தக் கதைக்குப் படமோ குரலோ இல்லை, நேரில் கண்டவர் எவரும் இன்று இல்லை. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளிலும் கம்பெனியின் கோப்புகள் உள்ளன. எனவே இதைப் படமாக்க எண்ணுவோர் நடிகர்களைக் கொண்டு பழங்காலத்தை மீள நடிக்கச்செய்யும் எளிய வழிக்குள் விழாமல், இன்று அத்தடயங்களைத் தேடும் ஒருவரின் பயணத்தையே படத்தின் முதுகெலும்பாக்கலாம். ஒரு பேரரசு தான் நாடுகடத்திய மனிதரைப் பற்றி எவற்றை எழுதிவைத்தது, எவற்றை எழுதவேண்டியதில்லை என்று விட்டது என்பதே அப்போது வினாவாகும்.

கண்முன் நடக்கும் கதைக்குத் தைப்பூசத் தேர்கள் எடுத்துக்காட்டு. நகரத்தார் 1894இல் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளித் தேர், நூறாண்டுக்கும் மேலாகப் பினாங்கு வீதியிலிருந்து தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் தைப்பூச ஊர்வலத்தின் நடுநாயகமாக இருந்துவந்தது. 2017 முதல் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் தங்கத் தேரும் புறப்படத் தொடங்கியது. ஒரு வணிகச் சமூகத்தின் அறக்கட்டளையும், சட்டத்தின்கீழ் அமைந்த ஒரு வாரியமும் ஒரே திருநாளில் இரு தேர்களை இழுத்துச்செல்லும் நிலை, ஒரு பொதுவிழா யாருடையது என்னும் வினாவைத் தானாகவே எழுப்புகிறது. காவடியின் வேல்களை அருகில் காட்டும் படங்கள் எத்தனையோ உள்ளன. தேர் புறப்படும் முன் நடக்கும் ஆலோசனைக் கூட்டங்களையும், வழியெங்கும் அமைக்கப்படும் தண்ணீர்ப் பந்தல்களின் செலவையும், தேங்காய் உடைக்கும் சீனக் குடும்பங்களின் வேண்டுதலையும் தேர் நடத்தும் இரு தரப்பின் நம்பிக்கையையும் சமமாகக் கேட்டுப் பதிவுசெய்யும் படம் அவற்றிலிருந்து வேறுபட்டதாக அமையும்.

நினைவில் வாழும் கதை துறைமுகத்தினுடையது. கப்பல்களுக்கும் கரைக்கும் இடையில் தொங்கான் படகுகளில் சரக்கேற்றி இறக்கிய தொழிலாளரில் தமிழர் பலர் இருந்தனர். குயின் வீதி, கிங் வீதி, பினாங்கு வீதி ஆகியவற்றைச் சுற்றியிருந்த கடைவீடுகளில் நெருங்கி வாழ்ந்த அவர்களுக்குக் கோயிலும் தர்காவும் சாப்பாட்டுக் கடைகளும் செட்டியார் கிட்டங்கிகளும் நடந்துசெல்லும் தொலைவில் இருந்தன. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே பல பத்தாண்டுகள் ஓடிய 'ரஜூலா' கப்பல் அவ்வீதிகளை ஊரோடு இணைத்திருந்தது. பினாங்கின் தீர்வையற்ற துறைமுகத் தகுதி 1969இல் நீக்கப்பட்டது. சரக்குப் பெட்டகங்களின் வரவும், பட்டர்வொர்த் கரையில் எழுந்த ஆழ்கடல் துறைகளும் தீவுப் பக்கத்து வேலையைக் குறைத்தன. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாடகைகள் கட்டவிழ்ந்தபோது, போருக்கு முற்பட்ட கடைவீடுகளில் தலைமுறைகளாகக் குடியிருந்த பலர் நகரின் நடுப்பகுதியைவிட்டு அகன்றனர். எட்டாண்டுகள் கழித்து அதே வீதிகள் மரபுரிமைத் தகுதி பெற்றன. கட்டடங்களைக் காப்பாற்றிய நகரம் அவற்றுக்குள் வாழ்ந்தோரை எங்கே அனுப்பியது என்னும் வினா, இக்கதையை இன்றைய ஜார்ஜ்டவுனோடு நேரடியாக இணைக்கிறது.

வினாவிலிருந்து முன்மொழிவு வரை

துறைமுகக் கதையை எடுத்துக்கொண்டால், கரு எவ்வாறு வளர்கிறது என்பதைப் படிப்படியாகக் காணலாம். முதற்படி தேடல். பழைய தமிழ் நாளிதழ்கள், துறைமுக நிர்வாகத்தின் அறிக்கைகள், தொழிற்சங்கப் பதிவுகள், மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம், பினாங்கு மரபுரிமை அறக்கட்டளை, ஜார்ஜ்டவுன் உலக மரபுரிமை நிறுவனம் ஆகியவற்றோடு, 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பதிவுசெய்துவரும் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகமும் பயன்படும். 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த 'தமிழ் நேசன்' போன்ற நாளிதழ்களின் வேலைநிறுத்தச் செய்திகளும் மரண அறிவிப்புகளும்கூடப் பெயர்களையும் முகவரிகளையும் தரும். குடும்பங்களிடமுள்ள அடையாள அட்டைகள், கப்பல் பயணச்சீட்டுகள், கோயில் உபயப் பற்றுச்சீட்டுகள், திருமணப் படங்கள் ஆகியவை எந்தக் காப்பகத்திலும் இல்லாதவை. அவற்றைக் கடன் வாங்கிச் செல்லாமல், வீட்டிலேயே மின்படி எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருவது வழக்கமாக வேண்டும்.

இரண்டாம் படி மனிதரைக் கண்டறிதல். நன்றாகப் பேசுகிறவரே நல்ல கதைமாந்தர் என்று கொள்வது பெரும்பிழை; சங்கத் தலைவரும் மேடைப் பேச்சாளரும் சமூகத்தின் சார்பில் பேசப் பழகியவர்களாதலால் பொதுவான கூற்றுகளையே தருவர். படத்தைத் தாங்குபவர் ஏதேனும் ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருப்பவரோ, இழக்கும் நிலையில் இருப்பவரோ, தீர்மானிக்க வேண்டியவரோ ஆவார். கடையின் குத்தகை முடிவுக்கு வரும் நிலையிலுள்ள வணிகர், தந்தை வேலைசெய்த துறையில் இன்று உல்லாசக் கப்பல் பயணிகளை வரவேற்கும் மகள், மூடிய கிட்டங்கியின் சாவியை வைத்திருக்கும் முதியவர் என்பன போன்ற வாழ்நிலைகளில் இருப்போரைத் தேடுவதே இந்தப் படியின் வேலை. ஆண்கள் துறைமுகத்தைப் பற்றிப் பேசும்போது, அதே வீடுகளில் சிக்கனத்தோடு குடும்பம் நடத்திய பெண்களின் நினைவு வேறொரு துறைமுகத்தைக் காட்டும் என்பதால், இரு தரப்பையும் தனித்தனியாகக் கேட்பது அவசியமாகிறது.

மூன்றாம் படி, சமூகம் என்னும் சொல்லையே பகுத்துப் பார்ப்பது. பினாங்கில் இந்தியர் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். அவர்களுள்ளும் தமிழ் இந்து, தமிழ் முஸ்லிம், கிறித்தவர் என்றும், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபியர் என்றும் பிரிவுகள் உள்ளன. மலாய்க் குடும்பங்களோடு மண உறவு கொண்டு ஜாவி பெக்கான் என்று அறியப்பட்ட வழிமரபினரும் உள்ளனர். சாதி, வர்க்கம், வந்த காலம் ஆகியவை இன்னும் நுண்ணிய கோடுகளை இடுகின்றன. வட்டித்தொழில் செய்த செட்டியாரும் கூலிக்கு உழைத்த தொழிலாளியும் ஒரே மொழி பேசினர் என்பதற்காக அவர்களின் கதை ஒன்றாகிவிடாது. சமூகத்தைப் புகழ்வதற்காக இக்கோடுகளை அழிக்கும் படம், முடிவில் அச்சமூகத்தாராலேயே நம்பப்படாமல் போகும்.

நான்காம் படி ஒப்புதல். நேர்காணல் தருபவர் ஒருமுறை கையொப்பமிட்டால் போதும் என்பது சட்டத்தின் நோக்கு. படம் எங்கு, எந்த மொழியில், யார் முன்னிலையில் திரையிடப்படும் என்பதை அவருக்குப் புரியும் சொற்களில் விளக்கி, தொகுத்த பகுதியை வெளியீட்டுக்கு முன் காட்டி, வருத்தம் தரும் இடத்தைப் பற்றிப் பேச வாய்ப்பளிப்பது அறத்தின் நோக்கு. குடியுரிமைச் சான்றில்லாமை, கடன், குடும்பப் பிளவு போன்றவை வெளிப்படும்போது, உண்மையைக் காட்டவேண்டிய கடமைக்கும் ஒருவரின் அன்றாட வாழ்வைக் காக்கவேண்டிய கடமைக்கும் இடையில் படைப்பாளர் நிற்க நேரிடும். நினைவு பிழைபடக்கூடியது என்பதால் ஆண்டுகளையும் பெயர்களையும் ஏடுகளோடு ஒப்பிட வேண்டும். ஆனால் பிழைபட்ட நினைவையும் படத்தில் வைக்கலாம், ஏனெனில் ஒரு முதியவர் எந்த நிகழ்வை எந்த நிகழ்வோடு இணைத்து நினைவில் வைத்திருக்கிறார் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

இவையெல்லாம் திரண்டபின் எழுதப்படுவதே முன்மொழிவு. நிதி வழங்குவோருக்கும் ஒளிபரப்பு நிறுவனங்களுக்கும் தரப்படும் இந்தச் சில பக்க ஆவணத்தில், படத்தின் வினா ஒரே வாக்கியத்திலும், கதையின் போக்கு ஒரு பக்கச் சுருக்கத்திலும், கதைமாந்தர் யார் என்பதும், அவர்களை அணுகும் வாய்ப்பு எவ்வாறு கிடைத்தது என்பதும், காட்சியமைப்பின் தன்மையும், காலத் திட்டமும், வரவுசெலவும் இடம்பெறும். இதோடு சில நிமிட முன்னோட்டக் காட்சி ஒன்றைச் சேர்ப்பது பொதுவழக்கு; அது அழகிய வீதிக் காட்சிகளின் கோவையாக இல்லாமல், முதன்மைக் கதைமாந்தர் ஒருவர் ஒரு செயலில் ஈடுபட்டிருப்பதைக் காட்டினால், படம் சாத்தியம் என்பதை அதுவே மெய்ப்பிக்கும். வரவுசெலவில் பெரும்பாலும் மறக்கப்படுபவை, பழைய படங்களுக்கான உரிமக் கட்டணமும், மலாய், ஆங்கில வசன வரிகளுக்கான செலவும், பதிவுகளைப் பாதுகாக்கும் சேமிப்புச் செலவுமாகும். 'ஐஸ் ஆன் த பிரைஸ்' தொடருக்கு நேர்ந்ததை நினைவில் கொள்வோர் உரிமங்களைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வர்.

மலேசியச் சட்டமும் கருவோடு சேர்த்தே எண்ணப்படவேண்டியது. தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸ், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் திரைப்படத் தயாரிப்புக்கான உரிமங்களை வழங்குகிறது. பொதுவில் திரையிடப்படும் படம் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்கீழ் தணிக்கை வாரியத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும். இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பற்றிய ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் தணிக்கைச் சான்றின்றித் திரையிட்டதற்காக ஏற்பாட்டாளர் ஒருவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, 2017இல் 10,000 ரிங்கிட் தண்டம் விதிக்கப்பட்டது. அதே நாட்டில் பூசாட் கோமாஸ் என்னும் அமைப்பு 2003இல் தொடங்கிய சுதந்திரத் திரைப்பட விழா, சமூகக் கதைகளைச் சொல்ல முனையும் புதிய படைப்பாளரின் முன்மொழிவுகளுக்கு நல்கை வழங்கிவந்துள்ளது. தடையும் வாய்ப்பும் ஒருங்கே நிலவும் இச்சூழலில், தன் படத்தை யார் பார்க்கவேண்டும் என்று படைப்பாளர் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொண்டால், எந்த உரிமம், எந்த மொழி, எந்த அரங்கு என்பவை அத்தீர்மானத்தைத் தொடர்ந்து அமையும்.

மூன்று கதைகளில் எதை முதலில் எடுப்பது என்னும் வினாவுக்கும் சான்றுகளின் இயல்பே விடை தருகிறது. சிவகங்கையின் நாடுகடத்தப்பட்டோரைப் பற்றிய கோப்புகள் இருநூறு ஆண்டுகள் காப்பகங்களில் இருந்துள்ளன, இன்னும் பல்லாண்டுகள் இருக்கும். தைப்பூசத் தேர்கள் அடுத்த ஆண்டும் புறப்படும். 1960களில் தொங்கானில் சரக்கு சுமந்தவரும், ரஜூலாவில் குழந்தையாகக் கடல் கடந்தவரும், வாடகைச் சட்டம் நீங்கிய ஆண்டில் சாமான்களை லாரியில் ஏற்றியவரும் அவ்வாறு காத்திருக்க இயலாதவர்கள். ஆகவே முன்மொழிவும் நிதியும் உரிமமும் கைகூடும்வரை பொறுத்திராமல், ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கொண்டேனும் அவர்களின் வாய்மொழியை முறையான ஒப்புதலோடு பதிவுசெய்து, அதன் படியொன்றைக் குடும்பத்துக்கும் மற்றொன்றைக் காப்பகத்துக்கும் வழங்குவதே பினாங்கில் ஆவணப்படம் எடுக்க விரும்புவோரின் முதல் வேலையாகிறது. அப்பதிவுகளிலிருந்து ஒரு படம் உருவானால் அது நன்று. உருவாகாமற்போனாலும், பிற்காலத்தில் வேறொருவர் வேறொரு வினாவோடு வரும்போது, ஏ.கே. செட்டியாருக்கு உலகெங்கும் கிடைத்த சுருள்களைப் போல அவருக்குத் தேடிக் கண்டெடுக்க ஏதேனும் இருக்கும்.